ஈப்போவுக்குப் போன பால்

மலாக்காவின் காஜா பெராங்கில் புது வீடு புகுகிறவர்கள் ஐயரைக் கூப்பிட மறந்தாலும் மறப்பார்கள், பால்காரர் சுப்பையனைக் கூப்பிட மறக்க மாட்டார்கள். விடிவதற்கு முன்னால், கறந்த சூடு ஆறாத பாலோடு, சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்து சேருவார். வீட்டுக்காரம்மா புதுப் பானையை அடுப்பில் ஏற்றுவார். வந்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நுரை எழும்பி விளிம்பு தாண்டி வழிந்ததும், அத்தனை தலையும் பானையை விட்டுச் சுப்பையன் பக்கம் திரும்பும். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்வார்.

"பொங்கிருச்சு. இனி இது உங்க வீடு. பயமில்லாம இருங்க."

அதற்குப் பிறகுதான் கட்டிலும் பெட்டியும் உள்ளே வரும். இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. எவரோ ஒருவர் அவசரப்பட்டு, இவர் வாயைத் திறக்குமுன் கட்டிலை உள்ளே இழுத்ததாகவும், வாசற்படியிலேயே கட்டிலின் கால் ஒடிந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. உளுத்த கட்டில் ஒடியாமல் என்ன செய்யும்? ஆனால் பழி கட்டில்மேல் விழவில்லை, சுப்பையனுக்குப் பெருமையாகப் போய் விழுந்தது. பல தலைமுறைக்கு முன்னால் வந்து குடியேறிய தமிழர்கள் வாழும் பக்கத்துச் சிட்டிக் கம்பத்திலும் அவரைக் கூப்பிடுவார்கள். அங்கே பேச்செல்லாம் மலாய்தான். பால் வழிந்ததும், பொங்கிவிட்டது என்பதை "சுடா நாயிக்!" என்று கூவுவார்கள். சுப்பையன் மட்டும் தமிழில்தான் சொல்வார். பாதி புரியாவிட்டாலும் பக்தியோடு தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

இப்படி ஊருக்கெல்லாம் வாக்குச் சொல்லும் மனிதருக்கு ஒரே ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. 'இல்லை' என்ற வார்த்தை. கேனில் பால் தீர்ந்துபோயிருக்கும். வாசலில் ஒரு அம்மாள் சொம்போடு நிற்பார். இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? மாட்டார். தெங்கேரா வரைக்கும் மூச்சிரைக்க மிதித்துப் போய், வேறொரு பால்காரரிடம் கெஞ்சி வாங்கிவந்து ஊற்றுவார். ரொம்பவும் நெருக்கினால் "பார்ப்போம்" என்பார். சுப்பையன் பார்ப்போம் என்றால் நடக்காது என்பது ஊரறிந்த விஷயம். அவர் மனைவி சிவகாமசுந்தரிக்கு அது இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், தீபாவளி முடிந்த கையோடு, ஈப்போவிலிருந்து சிவகாமியின் அண்ணன் கலியாணசுந்தரம் ஒரு கடிதம் போட்டார். அங்கே தண்ணீர்க் குழாய் வேலையில் அவர் ஃபோர்மன். எழுத்தும் குழாய் போட்ட மாதிரி நேராக இருக்கும். 'மாப்பிள்ளைக்கு எங்கள் ஸ்டோரில் வேலை பேசி வைத்திருக்கிறேன். காக்கி உடுப்பு, மாதச் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வீடும் காலியாகிறது. தை பிறந்தால் வழி பிறக்கும். மாடுகளை விற்றுவிட்டு வந்து சேரவும்.'

சிவகாமி அதை இரண்டு தடவை சத்தம் போட்டு வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த இடத்தில் இரண்டு தடவையும் நிறுத்தினார்.

"மாட்டுக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை?" என்றார். "கோகிலாவையும் தைப்பிங்ல கட்டிக் குடுத்தாச்சு. ஈப்போவுல இருந்தா ரயில் ஏறுனா மக வீடு. இங்க எனக்குன்னு யாரு இருக்கா, இந்த அஞ்சு மாட்டத் தவிர?"

"பார்ப்போம்," என்றார் சுப்பையன்.

"அதத்தான் நானும் சொல்றேன். தையில போய்ப் பார்ப்போம்."

தன் வார்த்தை தன் கழுத்திலேயே சுருக்காக விழும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

போக அவருக்குக் கொஞ்சமும் மனசில்லை. ஈப்போ ஒன்றும் சிங்கப்பூர் மாதிரி ஆளை விழுங்கும் பட்டணமில்லை. நடுத்தரமான ஊர்தான், வண்டி போகிற சடக்கு அகலம், கடை நிறைய, மலை பார்க்க அழகு. எல்லாம் சரி. ஆனால் அங்கே அவர் யார்? காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு குழாய் எடுத்துக் கொடுக்கிற ஒரு ஆள். இங்கே காலையில் சைக்கிள் மணி கேட்டால் முப்பது வாசலில் "சுப்பையண்ணே" என்ற குரல் வரும். நாற்பத்தாறு வயசில் அந்தக் குரல்களையெல்லாம் விட்டுவிட்டு எங்கே போவது? இந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. செவலை மாட்டிடம் மட்டும், கறக்கும்போது, முணுமுணுப்பாகச் சொல்லிவைத்தார்.

மனைவியிடம் சொன்னதெல்லாம் சாக்குத்தான். செவலை சினையாக இருக்கிறது என்றார். அது கார்த்திகையிலேயே நல்லபடியாகக் கன்று போட்டுவிட்டது. மழைக்காலம், ரயில் நின்றுவிடும் என்றார். மழை நின்றது, ரயில் நிற்கவில்லை. குடியுரிமைப் பத்திரம் இந்த விலாசத்துக்குத்தான் வரும், வந்தபிறகு யோசிக்கலாம் என்றார். அது மறு வாரமே வந்து தொலைந்தது. எல்லாருக்கும் இழுத்தடிக்கிற பத்திரம் தனக்கு மட்டும் ஏன் பறந்து வரவேண்டும் என்று அவருக்கு ஒரே ஆத்திரம். சிவகாமி எதற்கும் சண்டை போடவில்லை. ஒவ்வொரு சாக்கும் உதிர்ந்தபோது ஒரு புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

மாட்டுக்குப் புண்ணாக்கு வாங்குகிற யூசுப் கடையில்தான் ஒருநாள் வாய்விட்டுப் புலம்பினார்.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போங்கண்ணே," என்றார் யூசுப். "இதுக்குப் போயி எளச்சுக் கெடக்குறீங்களே."

"எப்புடிப்பா சொல்றது? ஆசையாக் கேக்குறா."

"அப்ப போங்க."

"போகவும் மனசு வரலையே."

யூசுப் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல ஆளுலா நீங்க! ஊருக்கெல்லாம் பானைதானே தீர்ப்புச் சொல்லுது? ஒங்களுக்கும் அதுவே சொல்லட்டும், விட்ருங்க."

யூசுப் விளையாட்டாகச் சொன்னதுதான். சுப்பையனுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பானை பொங்கினால் வீடு உங்களுடையது. சரி, பொங்காவிட்டால்? பால் திரிந்துபோனால்? திரிந்த வீட்டில் எந்தத் தமிழன் குடியேறுவான்? கலியாணசுந்தரமே "வேணாம் மாப்பிள்ளை" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்ல வேண்டாம். பாலே சொல்லிவிடும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தார். "சிவகாமி, நாம பாக்கப் போற வீட்டுல நம்ம செவலைப் பாலைத்தான் காய்ச்சணும். ஊருக்கெல்லாம் நான் ஊத்துறேன், என் வீட்டுக்கு எவன் பாலையோ வாங்குறதா?"

சிவகாமி சாதம் போட்ட கரண்டியோடு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல யோசனைங்க," என்றார்.

'பாவம், நம்பிட்டா' என்று அவருக்கு உள்ளே உறுத்தியது. ஆனாலும் இன்னொரு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டார்.

அவர் போட்ட கணக்கு ஒரு பால்காரன் மட்டுமே போடக்கூடிய கணக்கு. பச்சைப் பால் மலாக்காவிலிருந்து ஈப்போ வரைக்கும் போய், ஒரு ராத்திரி இருந்து, மறுநாள் விடிகாலையில் அடுப்பேற வேண்டும். வெறுமனே கொண்டு போனால் பாதி வழியிலேயே நாறிக் குட்டு உடைந்துவிடும். மூன்று கட்டி ஐஸ் வைத்தால் பால் கெடாமல் நின்றுவிடும், அதுவும் ஆபத்து. ஒன்றரைக் கட்டி வைத்தால் பார்வைக்குப் பால், முகர்ந்தாலும் பால், சூடு பட்டதும் திரிந்துவிடும். தெங்கேராவில் மீன்காரர்களுக்கு ஐஸ் விற்கும் சீனரிடம் சரியாக ஒன்றரைக் கட்டி வாங்கினார். மரத்தூள் போட்டுக் கேனைச் சுற்றிச் சாக்கில் கட்டினார். வாழ்நாளில் ஒரு சொட்டுப் பாலை வேண்டுமென்று கெடுத்தறியாத கை அது. முடிச்சை ஒரு தடவை அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டது.

தையில் நல்ல நாள் பார்த்துப் பால் மட்டும் காய்ச்சிவிட்டு வந்து, பிறகு மாடுகளை விற்பதென்று பேச்சு; அதுவரை, மூன்று நாளைக்கு, மாடுகளை யூசுப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மலாக்கா ரயில் பாதையை ஜப்பான்காரன் சண்டைக் காலத்திலேயே பிடுங்கிக்கொண்டு போய்விட்டதால், தம்பின் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். சுப்பையன் கேனைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கோலாலம்பூரில் வண்டி நின்றபோது சிவகாமி ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"இங்க ஐஸ் விப்பாங்கபோல. இன்னொரு கட்டி வாங்கிப் போடலாமாங்க?"

"வேணாம், வேணாம்! இதுவே போதும்."

"நீங்க சொன்னாச் சரி," என்று சொல்லி அந்த அம்மாள் புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

ஈப்போவில் கலியாணசுந்தரமும் அவர் மனைவி சீதாவும் வாசலிலேயே காத்திருந்தார்கள். புது வீட்டைக் காட்டினார்கள். நல்ல வீடுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். பின்கட்டில் குழாய், திருகினால் தண்ணீர். சிவகாமி அதைத் திருகினார், மூடினார், மறுபடி திருகினார். சுப்பையன் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ராத்திரி மச்சான் வீட்டில் தலைமாட்டில் கேனை வைத்துக்கொண்டு படுத்தார். எத்தனையோ வருஷமாக நாலு மணிக்குத் தானாக விழித்துக்கொள்ளும் மனிதருக்கு, பயண அலுப்போ என்னவோ, அன்றைக்கு விழிப்பு வரவில்லை. ஐந்தரைக்குச் சிவகாமி உலுக்கி எழுப்பியபோது அந்த அம்மாள் குளித்து, தலை முடிந்து, பூ வைத்து நின்றார். கேன் ஏற்கெனவே புது வீட்டுக்குப் போயிருந்தது.

அடுப்பில் பானை ஏறியது. விளக்கு வெளிச்சத்தில் சிவகாமியே பாலை ஊற்றினார். மச்சான், சீதா, பக்கத்து வீட்டார் இரண்டு பேர், எல்லாரும் சுற்றி நின்றார்கள். சுப்பையன் கொஞ்சம் தள்ளி, எழவு வீட்டுக்கு வந்தவர்போல் முகத்தை இப்போதே தயார் செய்துகொண்டு நின்றார். இதோ ஓரத்தில் துளித்துளியாகத் திரியும். இதோ தண்ணி வேறு கட்டி வேறாகப் பிரியும். "அடடா, சகுனம் சரியில்லையே" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது குரல் கம்ம வேண்டும்.

பானையில் 'ஸ்' என்று ஒரு சத்தம். வெள்ளை வெளேரென்று நுரை எழும்பி, விளிம்பைத் தாண்டி, நாலு பக்கமும் வழிந்து, அடுப்பையே அணைத்துவிட்டது. சீதா குலவையிட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் கைதட்டினார். இவ்வளவு அமோகமாகப் பொங்கியதைச் சுப்பையன் காஜா பெராங்கில்கூடப் பார்த்ததில்லை. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் நின்றார்.

அப்புறம்தான் அந்த வெள்ளையைக் கவனித்தார். செவலைப் பால் இளமஞ்சள். இது எருமைப் பால்! பால்காரனிடமேவா?

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. "சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார் கலியாணசுந்தரம். "ஒங்க வாயால கேக்கத்தான் நிக்கிறோம்."

"தொண்டை காஞ்சு போச்சு. தண்ணி குடிச்சிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுச் சுப்பையன் பின்கட்டுக்கு நழுவினார்.

குழாயடியில் அவருடைய கேன் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சட்டி. மூடியை எடுத்துப் பார்த்தார். செவலைப் பால் பாதி தயிராகிப் போய்க் கிடந்தது. பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"மத்தியானத்துக்கு மோருக்கு ஆகும்," என்றார் சிவகாமி. "கொட்ட மனசு வரல."

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஒண்ணரைக் கட்டி ஐஸ் வாங்கினப்பவே தெரியும். நான் பால்காரன் பொண்டாட்டிங்க. நாலு மணிக்கு எந்திரிச்சுப் போயி, சந்து முனையில பஞ்சாபிப் பால்காரன்கிட்ட வாங்கிட்டு வந்தேன்."

சுப்பையனுக்குக் கோபம் வரவேண்டும்போல் இருந்தது. வரவில்லை. வெட்கம்தான் வந்தது. "முன்னாடியே கேட்ருக்கலாமே," என்றார்.

"முன்னாடியே வரலைன்னு நீங்க சொல்லிருக்கலாமே. ஒங்க வாய்க்கு வராதத அந்தப் பாவப்பட்ட செவலையச் சொல்ல வச்சீங்க." குரல் உயரவில்லை, ஆனால் உதடு துடித்தது. "எத்தன வீட்டுல பொங்கிருச்சுன்னு சொல்லிருப்பீங்க? சிட்டிக் கம்பத்துல பாதி வீடு ஒங்க வாக்குல நிக்குது. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குள்ள கால் வச்ச அன்னைக்கு எனக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

சுப்பையன் யோசித்தார். அன்றைக்கு ஒரு மாடு கன்று போட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தது. மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். பால் காய்ச்சவில்லை. ஐந்து வருஷமாகத் தான் இருந்த வீடு, அதில் எதற்கு என்று தோன்றியிருக்கும். புதுப்பெண் கொட்டகை வாசலில் பட்டுப் புடவையோடு நின்றது. அவளிடம் என்ன சொன்னோம்?

"'அந்தக் கயித்தப் புடி'ன்னீங்க," என்றார் சிவகாமி. "புடிச்சேன். இருவத்திரெண்டு வருஷமாப் புடிச்சிட்டுத்தான் நிக்கிறேன். யாரும் எனக்கு அது என் வீடுன்னு சொல்லல."

சுப்பையன் குழாயை இறுக்கித் திருகினார். அப்படியும் அது லேசாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

சிவகாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. வரலைன்னு சொல்லுங்க, சாயங்கால ரயில்லயே திரும்பிருவோம். நான் ஒரு வார்த்த பேசமாட்டேன். ஆனா ஒங்க வாயால சொல்லுங்க. பாலச் சொல்ல விடாதீங்க."

ஒரே வார்த்தை. சொன்னால் நாளைக்கு மறுநாள் விடியலில் காஜா பெராங்கில் சைக்கிள் மணி அடிக்கலாம். முப்பது வாசலிலும் முப்பது குரல் காத்திருக்கும். சிவகாமி சொன்னபடி செய்கிறவள், வந்துவிடுவாள், நாலு மணிக்கு எழுந்து வழக்கம்போல் கயிற்றைப் பிடிப்பாள். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவ்வளவு தூரம் வந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளே நடந்தார்.

பானையைச் சுற்றி எல்லாரும் அப்படியே நின்றிருந்தார்கள். வழிந்த பால் அடுப்பில் காய்ந்து போயிருந்தது. சிவகாமி பின்னாலேயே வந்து கதவோரம் நின்றார். சுப்பையன் தொண்டையைக் கனைத்தார். எத்தனையோ வீட்டில் தண்ணி பட்ட பாடாகச் சொன்ன வாக்கியத்தை இன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"பொங்கிருச்சு," என்றார். பிறகு எல்லாரையும் விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார். "சிவகாமி, இனி இது ஒன் வீடு. கயித்த விட்ரு."

"எந்தக் கயிறு?" என்று கேட்டார் சீதா. சிவகாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு வந்து, பானையிலிருந்து முதல் தம்ளர் பாலை எடுத்து, சர்க்கரை போட்டு ஆற்றி, புருஷன் கையில் கொடுத்தார்.

சுப்பையன் ஒரு வாய் குடித்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் கோணியது.

"அந்தப் பஞ்சாபி கால் பங்கு தண்ணி கலந்திருக்கான்," என்றார். "வீடு எங்க இருக்குன்னு கேட்டியா? போயி ரெண்டு வார்த்த சொல்லிட்டு வரணும்."

"ஞாயித்துக்கிழம போங்க," என்றார் சிவகாமி. "லீவுதானே."